பாம்பன் பாலமும் அஞ்சு கிலோ எடைக்கல்லும்

ஆபீஸ்ல ஆணி அதிகம். அதனால இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூணு மாசம் ஆச்சு. வந்தவங்க எல்லாம் கடை பூட்டியிருக்குன்னு திரும்பிப் போயிருப்பீங்க, மன்னிக்கணும். ஆனா ஆணி மட்டும் காரணம் இல்லை. வீட்டுலயும் ஒரு வேலை ஓடிட்டிருந்தது. பாலம் கட்டிட்டிருந்தேன். சரியாச் சொன்னா, ஏற்கெனவே கட்டின பாலத்தையே பிரிச்சுப் பிரிச்சு நாலாவது தடவையா கட்டிட்டிருந்தேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு முன்கதை. எனக்கு பொம்மை ரயில் பைத்தியம் உண்டு. கௌரவமா சொல்லணும்னா மாடல் ரயில்வே. நான் வச்சிருக்கறது எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்துல 87 அடி இருக்கறது இங்க 1 அடி. தண்டவாளத்துக்கு நடுவுல 16.5 மி.மீ. இது வெளிநாட்டு ஸ்டாண்டர்டு கேஜுக்குச் சரியான கணக்கு. நம்ம அகலப்பாதை 1676 மி.மீ., அதை 87ஆல வகுத்தா 19 மி.மீ. சொச்சம் வரணும். கிட்டத்தட்ட 3 மி.மீ. குறையுது. இந்த 3 மி.மீட்டரை நினைச்சு நான் தூக்கம் கெட்ட காலம் உண்டு. இப்போ இல்லை. கடையில என்ன தண்டவாளம் கிடைக்குதோ அதுல நம்ம ஊரு ரயில் ஓடும்னு சமாதானம் ஆயிட்டேன்.

2020 ஊரடங்குல ஆரம்பிச்சது. வீட்டுல இருக்கற ரெண்டாவது படுக்கையறையில நாலு சுவத்தையும் ஒட்டி மூணரை அடி உயரத்துல பலகை அடிச்சு, அது மேல தண்டவாளம். ரயில் ரூமைச் சுத்தி வரணும். சுத்தி வரணும்னா வாசப்படியைத் தாண்டித்தானே ஆகணும்? அங்கதான் பாலம். சுவரோட சுவரா லேஅவுட் போட்ட எல்லாருக்கும் இந்த வாசப்படித் தொல்லை உண்டு. குனிஞ்சு போறதா, கழட்டி வைக்கிறதா, தூக்குறதா, மூணுல ஒண்ணு. நான் அன்னைக்கு இருந்த தெம்புல குனிஞ்சு போறதுன்னு முடிவு பண்ணினேன். கதவு இடிக்கும்னு அதைக் கழட்டி மொட்டை மாடில போட்டுட்டு ஒரு திரைச்சீலை மாட்டினேன். அப்போ தங்கமணி என்னைப் பார்த்த பார்வையை இங்க எழுத முடியாது.

பாலம்னதும் வேற எதுவும் தோணலை. பாம்பன்தான். இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க ஊர் பரமக்குடி. அப்பா மளிகைக் கடை வச்சிருந்தார். வருஷத்துல ரெண்டு நாள்தான் கடைக்கு முழு லீவு விடுவார், அதுல ஒண்ணு ராமேஸ்வரம் போற நாள். அப்போ மீட்டர் கேஜ். மண்டபம் தாண்டினதும் வண்டி ஊர ஆரம்பிக்கும். ஜன்னல் வழியாப் பார்த்தா கீழ பாலமே தெரியாது, நேரா தண்ணிதான். வண்டியில இருக்கற பெரியவங்க எல்லாம் கடல்ல காசு போடுவாங்க. அப்பா மட்டும் போட மாட்டார். "காசைத் தண்ணியில போட்டா யாருடா பொறுக்குறது?"ம்பார். கடைக்காரர் புத்தி. ஆனா பாலம் முடியற வரைக்கும் என் சட்டைக் காலரைப் பிடிச்சிருந்த கையை எடுக்க மாட்டார்.

அந்தப் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. சின்னச் சின்ன கண்ணா 145, அதோட கப்பல் போறதுக்குத் திறக்கற பெரிய கண் ஒண்ணு. அந்தப் பெரிய கண்தான் நாயகன். ரெண்டு பக்கமும் இருந்து ரெண்டு இறக்கை மேல எழும்பும். மோட்டார் எல்லாம் இல்லை, ஆளுங்க கூடி கையால சுத்தித்தான் தூக்குவாங்க. சிகாகோவைச் சேர்ந்த ஷெர்சர்ங்கற எஞ்சினியரோட வடிவமைப்பு. அவர் பேராலேயே ஷெர்சர் பாலம்னு சொல்றாங்க. 1964 டிசம்பர் புயல்ல சின்னக் கண்கள் பெரும்பாலானதைக் கடல் அள்ளிட்டுப் போச்சு, ஷெர்சர் நின்னுது. ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல பாலத்தைத் திரும்ப ஓட வச்சாங்க. 2007ல அகலப்பாதை ஆச்சு. 2022 டிசம்பரோட பழைய பாலத்துல ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரல் 6ல பக்கத்துலயே புதுப்பாலம் திறந்தாங்க. அது இறக்கை விரிக்காது, நடுவுல 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும். நல்ல பாலம்தான். ஆனா எனக்கு இறக்கைதான் பாம்பன்.

முழுப் பாலத்தையும் 87ஆல வகுத்துப் பார்த்தேன். 24 மீட்டர் வருது. ரூமைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, பக்கத்து வீட்டு பூஜை ரூம் வரைக்கும் போகும். சரி, திறக்கற கண் மட்டும்? அறுபது மீட்டருக்கு மேல, அதாவது மாடல்ல 70 செ.மீ. சொச்சம். டேப்பை எடுத்து வாசப்படியை அளந்தேன். 75 செ.மீ. நம்புங்க மக்களே, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. கட்டட மேஸ்திரி என் வீட்டு வாசலை ஷெர்சருக்குன்னே விட்டிருக்கார்.

முதல் பாலத்துக்கு ரெண்டு மாசம் ஆச்சு. 12 மி.மீ. பிளைவுட் பலகை, பக்கத்துக்கு அலுமினிய எல் ஆங்கிள், மேல சன்போர்டு ஷீட்டை வெட்டி ஒட்டின இரும்புச் சட்டங்கள். ரிவிட் மட்டும் ஆயிரத்துக்கு மேல இருக்கும். ஊசி போடற சிரிஞ்சுல ஃபெவிகால் எடுத்து ஒவ்வொரு சொட்டா வச்சது. பார்க்க பாம்பன் மாதிரியே இருந்தது. ஆனா தூக்காது. ஸ்க்ரூ போட்டு ரெண்டு பக்கமும் முடுக்கியாச்சு. பொம்மையிலயும் பொம்மை. உள்ள போக வர்றவங்க குனிஞ்சு போகணும். பாப்பாவுக்கு அது விளையாட்டு. எனக்குப் பழகிப்போச்சு. தங்கமணி அந்த ரூமுக்கு வர்றதையே விட்டுட்டா.

2023ல அம்மா போயிட்டாங்க. அப்பா தனியா இருக்க வேணாம்னு கூட்டிட்டு வந்தோம். கடையை அதுக்குப் பல வருஷம் முன்னாடியே மூடிட்டார். வரும்போது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு சாக்குப்பை. பையைத் தூக்கிப் பார்த்தேன், நகரலை. உள்ள எடைக்கல்லு. அஞ்சு கிலோ, ரெண்டு கிலோ, ஒரு கிலோ, அப்புறம் ஐம்பது கிராம் வரைக்கும் மொத்த செட்டும். தராசை யாருக்கோ குடுத்துட்டார், கல்லை மட்டும் குடுக்கலை.

"இதை எதுக்குப்பா இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க? இரும்புக் கடையில போட்டிருந்தா நூறு இருநூறு கிடைச்சிருக்கும்"னு சொன்னேன்.

அப்பா பதில் சொல்லலை. பையைக் காலால தள்ளித் தள்ளி கட்டிலுக்கு அடியில கொண்டுபோய் விட்டார். நான் சொன்னது தப்புன்னு எனக்கு அப்போ உறைக்கலை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். எங்க வீட்டுல ரெண்டு டாய்லெட். ஹாலை ஒட்டினது இந்தியன். வெஸ்டர்ன் எங்க இருக்குன்னு கேளுங்க. ரயில் ரூமுக்குள்ள. அப்பாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சிருச்சு, குத்தவச்சு உக்கார முடியாது. அதனால ராத்திரி ரெண்டு தடவை, பகல்ல நாலு தடவை, எழுபத்தாறு வயசு மனுஷன் என் பாம்பன் பாலத்துக்கு அடியில குனிஞ்சு போய்ட்டு வந்துட்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கவனிக்கலைன்னு சொன்னா பொய். கவனிச்சேன். அடுத்த மாசம் ஏதாவது பண்ணலாம்னு தள்ளிப் போட்டேன்.

ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு சத்தம். ஓடிப் போய் லைட்டைப் போட்டா, அப்பா தரையில உக்காந்திருக்கார். எங்களை எழுப்ப வேணாம்னு லைட் போடாமப் போயிருக்கார். திரும்பி வரும்போது பாலம் முடியறதுக்கு முன்னாடியே நிமிர்ந்துட்டார். அலுமினிய ஆங்கிளோட ஓரம் மண்டையில. பனியன் எல்லாம் ரத்தம். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பாலத்துக்கு ஒண்ணும் ஆகலையே?"

மூணு தையல்.

ஆஸ்பத்திரில இருந்து வர்ற வழியில ஆட்டோல தங்கமணி ஒரே ஒரு வாக்கியம் பேசினா. "என்னங்க, அந்தப் பாலத்தை நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?" நான் எடுத்தேன். விடியறதுக்குள்ள ஸ்க்ரூ எல்லாம் கழண்டாச்சு.

நியாயமாப் பார்த்தா அதோட விட்டிருக்கணும். ரயில் சுத்தி வராட்டி என்ன, இந்தச் சுவத்துல இருந்து அந்தச் சுவத்துக்குப் போய்ட்டுத் திரும்பட்டுமே? ஒரு மாசம் அப்படித்தான் ஓட்டினேன். அப்பாவே ஒரு நாள், "ஏன்டா, என்னால உன் வண்டி நின்னுபோச்சா?"ன்னு கேட்டார். அது வரைக்கும் அவர் அதை வண்டின்னு சொன்னதில்லை, பொம்மைம்பார். இல்லப்பா, வேலை நடக்குதுன்னு சொல்லி வச்சேன். சொன்னதுக்காகவாவது செய்யணும்ல.

ரெண்டாவது பாலம் கழட்டி மாட்டறது. ஓட்டும்போது மட்டும் வைக்கணும், மத்த நேரம் மூலையில சாத்தி வைக்கணும். இதுல பெரிய தலைவலி தண்டவாளம் தண்டவாளத்தோட சேர்றது. அரை மில்லிமீட்டர் விலகினாலும் சக்கரம் இறங்கிடும். செய்ய வேண்டியது என்னன்னா, பலகையை இடத்துல வச்சுட்டு, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் வெட்டாம ஒரே தண்டவாளமாப் போடணும். செம்பு பூசின பி.சி.பி. பட்டையை அடியில வச்சு, வெட்டப் போற இடத்துக்கு ரெண்டு பக்கமும் சால்டர் பண்ணிடணும். அப்புறம்தான் ரம்பத்தால அறுக்கணும். அப்போ ரெண்டு முனையும் ஒண்ணுக்கு ஒண்ணு நேரா நிக்கும், பின்னால நகராது. இடைவெளி ஒரு மி.மீ. விட்டிருந்தேன். நவம்பர் மழைக்கு பிளைவுட் ஈரம் குடிச்சு பலகை உள்ளயே போக மாட்டேன்னுது. உப்புக் காகிதம் போட்டுத் தேய்ச்சேன். தை மாசம் வந்ததும் லொடலொடன்னு ஆடுது. அவ்வ்வ்.

அந்தப் பாலத்தோட முடிவு இப்படி. நான் ஆபீஸ்ல. பாலம் மூலையில. பாப்பா வந்து கண்ட்ரோலரைத் திருகியிருக்கா. என்னோட ஆல்கோ டீசல், மூஞ்சிக்கு நானே தென்னக ரயில்வே கலர் அடிச்சது, வளைவு திரும்பி வந்து வாசப்படியில மூணரை அடி கீழ போயிருச்சு. பாலத்துல கரண்ட் இல்லைதான், ஆனா பாலத்துக்கு முன்னாடி வரைக்கும் இருக்கே! சாயங்காலம் வந்து பார்த்தா பாப்பா அழுதுட்டிருக்கா. அப்பா ஹால்ல பேப்பரை விரிச்சு எஞ்சினோட துண்டுகளை எல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்கார். பெரிசு ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்ப்ரிங்கைக் கூட ஒரு மூடியில போட்டு வச்சிருந்தார்.

"புள்ளையத் திட்டாத. பாலம் இல்லாத இடத்துல வண்டியை விட்டது உன் தப்பு."

உண்மைதானே? நிஜப் பாம்பன்ல காத்து 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே சிக்னல் சிவப்பாயிடும், வண்டி ஏறவே முடியாது. நான் பாலமே இல்லாதப்ப கூட பச்சை காட்டிட்டிருந்தேன். அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய் ரெண்டு மைக்ரோ ஸ்விட்ச் வாங்கினேன். பாலம் ஒழுங்கா உக்காந்து ரெண்டு ஸ்விட்சையும் அமுக்கினாத்தான் பாலத்துக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு அடிக்குக் கரண்ட் வரும். ஏன் ரெண்டு அடின்னா, கரண்ட் போன உடனே எஞ்சின் நிக்காது, வந்த வேகத்துல கொஞ்சம் உருளும். இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போடாதீங்க. பாலம் கட்டறவங்க வயரிங்கை முதல்ல முடிச்சுட்டு ரிவிட்டுக்கு வாங்க.

மூணாவது, கீல் போட்டுத் தூக்கற பாலம். முதல்ல ஷெர்சர் மாதிரியே பண்ணணும்னு ஆசை. அதுக்குக் கீல் கிடையாது. இறக்கையோட அடி, குழந்தைங்க ஏறி ஆடுற மரக்குதிரை மாதிரி வளைஞ்சிருக்கும். தூக்கும்போது அந்த வளைவு பின்னால உருளும், அதனால இறக்கை மேலயும் போகும், கரைப் பக்கமும் ஒதுங்கும். கப்பலுக்கு நிறைய வழி கிடைக்கும். அட்டையில வெட்டிப் பார்த்தேன். இந்த உருள்றதுல தண்டவாள முனையும் கரைப் பக்கமா நகருது. எதிர்ல நிலையா இருக்கற தண்டவாளத்துல முட்டி நின்னுருச்சு. அளவு இவ்வளவு சின்னதா இருக்கும்போது அதைச் சரிக்கட்ட எனக்குத் துப்பில்லை. விட்டுட்டேன். வளைவை சன்போர்டுல வெட்டி ஒப்புக்கு ஒட்டியிருக்கேன். ரெண்டு இறக்கையும் வேணாம், ஒண்ணு போதும், நடுவுல ரெண்டும் சேர்ற இடத்துல இன்னொரு தலைவலி யாருக்கு வேணும்?

கீல் போட்டதுலயும் அதே முட்டல். கதவுக்குப் போடற மாதிரி பலகைக்கு அடியில போட்டிருந்தேன். தூக்கினா தண்டவாளம் எதிர்முனையில இடிச்சு வளைஞ்சுருச்சு. அப்புறம்தான் புத்தி வந்தது. கீலுக்கு மேல இருக்கறது எல்லாம் தூக்கும்போது பின்னால வரும், கீலுக்குக் கீழ இருக்கறது முன்னால விலகும். அப்போ கீல் தண்டவாளத்தை விட உயரத்துல இருக்கணும். பாதைக்கு ரெண்டு பக்கமும் மரக்கட்டையில தூண் மாதிரி நிறுத்தி, தண்டவாளத்துக்கு மேல 2 செ.மீ. உயரத்துல ஆளுக்கொரு கீல். ரெண்டு கீலும் ஒரே நேர்கோட்டுல இருக்க, சைக்கிள் ஸ்போக் கம்பியை ரெண்டுக்குள்ளயும் விட்டுப் பார்த்து ஸ்க்ரூ பண்ணினேன். வழுக்கிட்டு எழும்பிச்சு. பார்க்கறதுக்கு அந்தத் தூண் பாம்பன் கோபுரம் மாதிரியே வேற அமைஞ்சுபோச்சு.

ஆனா அப்பாவுக்கு அது ஆகலை. அவருக்குத் தோள்பட்டை இறுக்கம், கை தோளுக்கு மேல போகாது. தூக்கின பாலத்தை நிறுத்தற கொக்கி ஆறடி உயரத்துல. பாதி தூக்கி விட்டார்னா டமார்னு விழும். ரெண்டு தடவை விழுந்தது. கழுத்துல விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சதும் எனக்கு வேர்த்துருச்சு. அது தானா எழும்பணும், விட்ட இடத்துல நிக்கணும். நிஜப் பாலத்துல கைக்கு அடங்காத எடையை ஆளுங்க சுத்தித் தூக்கறது எப்படி? பின்பக்கம் எதிர் எடை.

ஒரு ஞாயித்துக்கிழமை பாலத்தைக் கழட்டி சமையலறைத் தராசுல வச்சேன். 1400 கிராம். கத்தி முனையில வச்சு நடு எடை எங்க விழுதுன்னு பார்த்தா, கீல்ல இருந்து 38 செ.மீ. பின்பக்கம் வால் நீட்ட 10 செ.மீ.தான் இடம். பேப்பர்ல கணக்குப் போட்டுட்டிருந்தேன். அப்பா பின்னால வந்து நின்னார்.

"என்ன வேணும்?"

"ஒண்ணே கால் கிலோ சொச்சத்துக்கு எதிரா..."

"ஆயிரத்து நானூறு, முப்பத்தெட்டு. அந்தப் பக்கம் பத்தா? அஞ்சு கிலோ முன்னூத்தி இருபது." பேப்பர் இல்லாம. நான் அப்போதான் பெருக்கல் போட்டுட்டிருக்கேன். நாப்பது வருஷம் தராசு பிடிச்ச கை.

அப்புறம் அவர் ஒண்ணும் சொல்லலை. உள்ள போனார். சாக்குப்பை தரையில இழுபடற சத்தம் கேட்டுது. அஞ்சு கிலோ கல்லு, இருநூறு கிராம், நூறு கிராம். மூணையும் துணியால துடைச்சு மேசை மேல வச்சார். இரும்புக் கடையில போடச் சொன்னவன் முன்னாடி.

என் மண்டையில அப்பவும் ஏறலை பாருங்க. "நடுவுல ஒரு ஓட்டை போட்டு போல்ட் மாட்டிட்டா போதும்ப்பா"ன்னு டிரில்லிங் மிஷினை எடுத்தேன்.

"ஓட்டை போடாத."

குரல் மாறிருச்சு. கல்லைத் திருப்பிக் காட்டினார். அடியில ஒரு குழி, அதுல ஈயம், ஈயத்து மேல முத்திரை. தேய்ஞ்சு போய் பாதி எழுத்துதான் தெரியுது. "ஓட்டை போட்டா கள்ளக்கல்லு. நம்ம கடைக் கல்லுல இது வரைக்கும் யாரும் கை வச்சதில்லை."

இனிமே அதை வச்சு யாரும் எதையும் நிறுக்கப் போறதில்லைன்னு வாய் வரைக்கும் வந்தது. நல்லவேளை, சொல்லலை. ஒரு தடவை சொன்னது போதும்.

ஓட்டை போடாம அஞ்சு கிலோ இரும்பை எப்படிக் கட்டறது? அதுக்கு இன்னும் மூணு வாரம் ஆச்சு. அலுமினியப் பட்டையை வளைச்சு கல்லு உக்கார்ற மாதிரி ஒரு தொட்டில். உள்ள சைக்கிள் டியூபை வெட்டி வரிசையா ஒட்டினது, கல்லு கீறாம இருக்கவும் நழுவாம இருக்கவும். மேல ஒரு பட்டை, ரெண்டு சிறகு நட்டு. தொட்டில் சும்மா ஒரு கையளவு கனம்தான், அதைப் பாலத்து நுனியில ரெண்டு வாஷர் ஒட்டிச் சரிக்கட்டினேன். வால் இறங்க பலகையில ஒரு பள்ளம் அறுத்தேன். அதுக்காக ஒரு ஸ்டேஷன் பிளாட்பாரம் பாதி போச்சு. போகட்டும்.

மாட்டிட்டு ஒரு விரல்ல தள்ளினேன். எழும்பிச்சு. பாதியில விட்டேன். பாதியிலயே நின்னுது. மோட்டார் இல்லை, கொக்கி இல்லை. நான் குதிக்காத குறை. தங்கமணி கூட வந்து ரெண்டு தடவை தூக்கி இறக்கிப் பார்த்தா.

அப்பா மட்டும் உதட்டைப் பிதுக்கினார். பாலத்தை இறக்கிட்டுப் பக்கத்துப் பலகையை லேசா தட்டினார். நுனி ஒரு நூல் எழும்பி ஆடி நின்னுது. "பாரு. சமமா இருந்தா உக்காராது." நூறு கிராம் கல்லை எடுத்துட்டார். "நுனிப் பக்கம் கொஞ்சம் தாழணும். கடையில வாங்குறவங்க தட்டு தாழற மாதிரி."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு கிராம் எடுத்த பிறகு நுனியில மொத்தம் 16 கிராம் கனம் நிக்குது. அவ்வளவுதான். மைக்ரோ ஸ்விட்ச் ரெண்டும் க்ளிக்குன்னு அமுங்குச்சு. பச்சை விளக்கு எரிஞ்சுது. அப்புறம் தேடிப் படிச்சதுல, நிஜத் தூக்குப் பாலங்களையும் சரிசமமா விட மாட்டாங்களாம். இறக்கி வச்சா அப்படியே கிடக்கணும்னு இறக்கைப் பக்கம் கொஞ்சம் கனமா வைப்பாங்களாம். அப்பா அதைப் படிச்சதில்லை. சொன்னேன், "பின்ன?"ன்னார்.

இப்போ ஓடிட்டிருக்கறது இந்த நாலாவது பாலம்தான். ராத்திரி அப்பா எழுந்து போகும்போது ஒரு சின்ன 'டொக்' கேக்கும், வால் பள்ளத்துல போய்த் தட்டற சத்தம். திரும்பி வரும்போது இன்னொரு 'டொக்'. இறக்கி வைக்கணும்னு யாரும் சொல்லலை, அவரா இறக்கிடறார். ரெண்டாவது டொக் வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

போன வாரம் ரெண்டாவது டொக் வந்தது, ஆனா அதுக்கு அப்புறம் மூணாவது, நாலாவதுன்னு வந்துட்டே இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். லைட்டைப் போட்டுக்கிட்டு என் ஸ்டூல்ல உக்காந்து பாலத்தைத் தூக்கி இறக்கிட்டிருந்தார்.

"என்னப்பா, தூக்கம் வரலையா?"

"சும்மா பார்த்தேன். நீ போய்ப் படு."

காலையில தொட்டிலைத் திறந்து பார்த்தா இருநூறு கிராம் கல்லைக் காணோம். அந்த இடத்துல நூறும் ஐம்பதும் இருக்கு. நுனியில 23 கிராம். வண்டியை விட்டுப் பார்த்தேன், சக்கரம் தட்டாமப் போகுது. அப்படியே விட்டுட்டேன்.